பட்டன் இருக்கு... வயசு போச்சு!

ஆம்னி என்றதும் தமிழ்நாட்டில் இரண்டு விஷயம்தான் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் டிக்கெட் விலையால் செய்தியில் அடிபடும் ஆம்னி பஸ். இன்னொன்று, சினிமாவில் ஆள் கடத்த வரும் மாருதி ஆம்னி வேன். பக்கவாட்டுக் கதவை 'சரக்' என்று இழுப்பார்கள், ஆளை உள்ளே தள்ளுவார்கள், வண்டி பறந்துவிடும்.

அடையாறு பேங்க் சாரும் அந்தக் கதவுக்காகத்தான் 2008-ல் ஆம்னி வாங்கினார். கடத்துவதற்கு அல்ல, மாமியாரைக் கோயிலுக்கு அழைத்துப் போவதற்கு. மூட்டுவலியோடு காரில் குனிந்து ஏறுவது அந்த அம்மாளுக்குப் பெரும்பாடு. ஆம்னியில் அகலமான கதவு. அப்படியே உட்கார்ந்து நகர்ந்துகொள்ளலாம். மாமியார் காலமான பிறகும் வண்டியை விற்க இவருக்கு மனசு வரவில்லை.

பேங்கில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி கணக்கு டீச்சர், அவரும் ஓய்வு. ஆற்றங்கரையை ஒட்டிய அந்தத் தெருவே அவர்களை 'பேங்க் சார்', 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடும். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஓய்வு பெற்ற மறு மாதமே சார் ஒரு கார்பென்டரை வரவழைத்தார். பின் சீட்டைக் கழற்றாமல், அதன்மேல் விரித்து மடக்குகிற மாதிரி மூன்று பிளைவுட் பலகை. மடக்கினால் வேன், விரித்தால் கட்டில். ஜன்னலுக்கு வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை, ஒரு 5 கிலோ சிலிண்டர், ஒற்றை பர்னர் அடுப்பு, இரண்டு தண்ணீர் கேன். வெளிநாட்டில் இதற்கு 'கேம்பர் வேன்' என்று பெயர். சார் வைத்த பெயர் 'ஓட்டு வீடு'. "ஓட்டுற வீடு, அதனால ஓட்டு வீடு" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வார். டீச்சரம்மா ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஓட்டு வீட்டில் அவர்கள் தரங்கம்பாடி போனார்கள், கோடிக்கரை போனார்கள், தனுஷ்கோடி போனார்கள். ராத்திரி பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவார்கள். விடியற்காலையில் பக்கத்து டீக்கடை. வருஷத்துக்கு மூன்று பயணம், நாலு பயணம். மிச்ச நாளெல்லாம் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். காலையில் வேப்பமர நிழல், மதியத்துக்கு மேல் மேற்கு வெயில்.

2025 கோடையில்தான் பிரச்னை வந்தது. ஏழு வயதுப் பேத்தியை கொல்லிமலைக்கு அழைத்துப் போவதாக சார் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகாய கங்கை அருவி, வழியில் 70 கொண்டை ஊசி வளைவு. குழந்தை வளைவுகளை எண்ணுவதற்கென்று ஒரு நோட்டே போட்டு வைத்திருந்தாள்.

மகள் வந்த அன்று குழந்தையின் பந்து வேனுக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தவள், எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "அப்பா, இந்த டயரோட என் பொண்ணை அனுப்ப மாட்டேன்."

"ஏன்? பட்டன் எல்லாம் அப்படியே இருக்கு பார். இன்னும் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடும்."

பட்டன் என்றால் டயரின் மேல்பரப்பில் உள்ள கட்டைகள். நம் ஊர் டிரைவர்கள் டயரின் ஆயுளை அளப்பது அதை வைத்துத்தான். அதில் தப்பும் இல்லை. கார், வேன் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. அதை நாமே பார்ப்பதற்காகத்தான் பள்ளத்துக்குள் குட்டித் திட்டுகள் வைத்திருக்கிறார்கள். கட்டை தேய்ந்து அந்தத் திட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. சாரின் டயரில் கட்டைக்கும் திட்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. அந்தக் கணக்கில் அவர் சொன்னது சரி.

ஆனால் மகள் பார்த்தது பட்டனை அல்ல, பக்கச் சுவரை. அங்கே மெல்லிய வெடிப்புகள், காய்ந்த ஏரி மண் மாதிரி.

அன்று மாலை டீச்சரம்மா செல்போன் டார்ச்சோடு தரையில் உட்கார்ந்தார். டயரின் பக்கச் சுவரில் எழுத்தும் எண்ணுமாக ஏகப்பட்டது இருக்கும். அதில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் தேடவேண்டும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இரண்டு டயரில் அந்த எண் உட்பக்கமாக இருந்ததால் ஸ்டியரிங்கை ஒடித்தும், மல்லாக்கப் படுத்தும்தான் பார்க்க முடிந்தது. நாலிலும் ஒரே எண்: 0916.

"2016, ஒன்பதாவது வாரம். அதாவது பிப்ரவரி கடைசி, மார்ச் முதல். ஏங்க, வெள்ளத்துக்கப்புறம் மாத்தினோமே, அந்த டயர்தானா இது?"

அதேதான். 2015 டிசம்பரில் அடையாறு ஆறு கரை தாண்டி வந்தபோது ஓட்டு வீடு இடுப்பளவு தண்ணீரில் நின்றது. என்ஜினைப் பிரித்துச் சேர்த்து, சீட்டை மாற்றி, அடுத்த கோடையில் போட்ட டயர்கள். அதற்குப் பிறகு வண்டி ஓடியது வெறும் பதினேழாயிரம் கிலோமீட்டர். ஓடாத வண்டிக்கு எதற்கு டயர் என்று இத்தனை நாளும் யாருக்கும் தோன்றவில்லை.

நிற்கிற வண்டியின் டயர்தான் சீக்கிரம் கெடும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். காரணம் ரப்பருக்குள்ளேயே இருக்கிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை வறள வைக்கும். அதைத் தடுக்க டயர் கலவையிலேயே ஒருவித மெழுகையும் ரசாயனத்தையும் சேர்த்திருப்பார்கள். வண்டி ஓடி டயர் நசுங்கி விரியும்போதுதான் அந்த மெழுகு சரியாக மேலே கசிந்து வந்து பூச்சுபோலப் பாதுகாக்கும். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அது நடக்காது. ஒரே பக்கம் எடை தாங்கித் தாங்கி அந்த இடம் சப்பையாகவும் ஆகும். தினமும் ஆபீஸ் போகிற காருக்கு டயர் தேய்ந்து சாகும். கேம்பர் வேனுக்கு டயர் காய்ந்து சாகும்.

ஐந்து வயது தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறை தெரிந்தவரிடம் காட்டவேண்டும், பத்து வயது ஆகிவிட்டால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிடவேண்டும் என்பது பெரிய டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு. அவர்கள் குளிர்தேசக் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், சென்னை மே மாத வெயிலில் நிற்கும் டயருக்குப் பத்து என்பது ரொம்பவே பெருந்தன்மை.

சார் ஒருவழியாக இறங்கி வந்தார். "சரி, மாத்திடலாம். டயர்தானே!"

டயர்தானே என்று கிளம்பியது பத்து நாள் வேலையாகிவிட்டது.

முதலில் போன கடையில் பையன் வண்டியைப் பார்த்தான், டயரைப் பார்த்தான், உள்ளே போய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். "சார், 12 இன்ச் தானே? இது ஆல்டோவுக்குப் போடுறது. அப்படியே உக்காரும். ஸ்மூத்தா இருக்கும், விலையும் கம்மி."

பொய் சொல்லவில்லை. ஆல்டோ டயரின் அளவு 145/80 ஆர் 12. ஆம்னியின் கையேட்டில் இருந்த அளவு 145 ஆர் 12 எல்.டி. அகலம் ஒன்று, ரிம் ஒன்று, உயரமும் ஏறத்தாழ ஒன்று. மாட்டினால் மாட்டிக்கொள்ளும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எத்தனையோ ஆம்னிகள் இப்படி ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வித்தியாசம் அந்த 'எல்.டி.'யில் இருக்கிறது. லைட் டிரக், அதாவது சிறு சரக்கு வண்டிக்கான டயர். ஆம்னி பார்க்கக் கார் மாதிரி இருந்தாலும் பரம்பரை வேறு. ஜப்பானில் சுஸுகி கேரி என்ற குட்டி லாரியின் வழிவந்தது. 1984-ல் இங்கே 'மாருதி வேன்' என்று வந்து, பிறகு ஆம்னி ஆகி, 2019 வரை தயாரிப்பில் இருந்தது. பின்பக்கம் லாரி மாதிரியே பட்டை வில்லு. ஆளையும் ஏற்றும், ஆப்பிள் பெட்டியையும் ஏற்றும். அதனால்தான் அதற்குச் சுமைக்கான டயர்.

டீச்சரம்மா இரண்டு டயரின் எண்களையும் நோட்டில் எழுதிக்கொண்டு, "வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வரோம் தம்பி" என்று கிளம்பிவிட்டார். ஆட்டோவில் உட்கார்ந்ததும் சார் கேட்டார்: "டயர் வாங்க யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"டி-ன்னு போட்டிருந்தான் பார்த்தீங்களா? அது வேகம். 190 கிலோமீட்டர்."

"நம்ம வண்டிக்கா?"

ஆம்னி கனவில்கூட அந்த வேகத்தில் போகாது. வேக எழுத்து இந்த விஷயத்தில் தேவையே இல்லாத தகவல். அதற்கு முன்னால் உள்ள எண்தான் தகவல். ஆல்டோ டயரில் 74 என்று இருந்தது. எல்.டி. டயரில் 80/78. இது கிலோ அல்ல, கிலோவைச் சொல்லும் குறியீடு. இதற்கென்று உலகம் முழுக்க ஒரே அட்டவணைதான். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். 80 என்றால் 450 கிலோ. சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 78, லாரி மாதிரி ஒரே பக்கம் இரட்டை டயர் போடுகிறவர்களுக்கு, ஆம்னிக்குத் தேவையில்லை. கூடவே 6 பி.ஆர். என்றும் இருக்கும். ஒரு காலத்தில் டயருக்குள் எத்தனை அடுக்கு பருத்தித் துணி என்று எண்ணியதன் மிச்சம் அது. இப்போது உள்ளே ஆறு அடுக்கு இருக்காது, ஆறு அடுக்குக்கு நிகரான பலம் என்று பொருள்.

சரி, ஓட்டு வீட்டின் எடை என்ன? இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வேன்காரர்களிடம் பதில் இருக்காது. கம்பெனி சொல்லும் எடை காலி வண்டியின் எடை. ஆம்னி அப்போது 800 கிலோவுக்குச் சற்று உள்ளேதான். அதற்கு மேல் கட்டில், கேன், சிலிண்டர், படுக்கை, பாத்திரம், கேரியரில் கட்டிய தார்ப்பாய், மனிதர்கள்... எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

டீச்சரம்மா கூட்டிப் பார்க்க முடிவு செய்தார். ஒரு வியாழக்கிழமை காலை, கொல்லிமலைக்குப் போவது மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றினார்கள். தண்ணீர் கேனை நிரப்பினார்கள். பேத்தி பள்ளிக்கூடத்தில் இருந்ததால் அவள் இடத்தில் 25 கிலோ அரிசி மூட்டை. துரைப்பாக்கம் தாண்டி ரேடியல் ரோட்டில் லாரிகள் எடை போடும் மேடை ஒன்று இருக்கிறது. (ரேடியல் டயர் வாங்க ரேடியல் ரோட்டுக்கே போகிறோம் என்று சார் சொன்னார். டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.)

மணல் லாரிக்கும் இரும்பு லாரிக்கும் நடுவில் வரிசையில் நின்ற வெள்ளை ஆம்னியை மேடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். "என்ன லோடும்மா?"

"குடும்பம்."

முழு வண்டி 1,190 கிலோ. பிறகு வண்டியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, பின் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கிற மாதிரி வைத்தார்கள். 640 கிலோ. எடை போட்டால் இப்படி இரண்டு முறை போடவேண்டும். மொத்த எடையை நாலால் வகுத்துச் சந்தோஷப்பட்டால் ஏமாந்துபோவோம். கேம்பர் வேனில் கட்டிலும் சாமானும் பெரும்பாலும் பின்னால்தான்.

பின் சக்கரம் இரண்டு. ஆல்டோ டயர் என்றால் 375-ம் 375-ம் 750. இப்போது 640. சாருக்கு முகம் மலர்ந்தது. "போதுமே! 110 கிலோ மிச்சம் இருக்கே!"

"உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் லீவு கிடைச்சா சேலத்துல வந்து ஏறிக்கிறேன்னு சொன்னாங்களே? ரெண்டு பேரும் 130 கிலோ. பின் சீட்டுல உக்காந்தா முக்கால்வாசிக்கு மேல பின் சக்கரத்துலதான் விழும். 110-னு வைங்க."

640-ம் 110-ம் 750.

"அதுக்கப்புறம் அந்த வண்டியில ஒரு தேங்காய்கூட ஏத்த முடியாது" என்றார் டீச்சரம்மா.

இதோடு நிற்கவில்லை. டயரில் எழுதியிருக்கும் சுமை, அந்த டயருக்கு உரிய முழுக் காற்றும் இருக்கும்போதுதான். காற்று குறையக் குறையத் தாங்கும் எடையும் குறையும். இரண்டு மாதம் நின்ற வண்டியில் காற்று முழுசாகவா இருக்கும்? போதாததற்கு, வளைவில் திரும்பும்போது ஒரு பக்கத்து எடையில் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போய்விடும். 70 வளைவு. எல்.டி. டயர் என்றால் பின்னால் மட்டும் 900 கிலோ தாங்கும். 150 கிலோ கையிருப்பு.

டயர் வெடிப்பது பெரும்பாலும் ஆணி குத்தி அல்ல. அதிக எடை, குறைந்த காற்று இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச் சுவர் அளவுக்கு மீறி மடங்கி நிமிரும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாகுமே, அது மாதிரி உள்ளே சூடு ஏறும். ரப்பருக்கும் உள் அடுக்குக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். வயதான டயரில் அந்தப் பிடிப்பு ஏற்கெனவே பாதி. வெளியே தார் ரோடு கொதிக்கும். பிறகு ஒரு சத்தம்தான். நெடுஞ்சாலை ஓரத்தில் கறுப்பாகச் சுருண்டு கிடக்கும் டயர் பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். பல இந்தக் கதைதான்.

எது வேண்டும் என்று முடிவாகிவிட்டது. எங்கே வாங்குவது என்பதில் சார் ஒரு சுற்று சுற்றினார். ஆம்னியை ஆரம்பத்திலிருந்து பார்க்கும் மெக்கானிக் பாய் புதுப்பேட்டைக்காரர். பழைய வண்டி உதிரிபாகம் எதுவானாலும் அந்தப் பேட்டையில் கிடைக்கும். பழைய டயரும் கிடைக்கும், கறுப்புப் பளபளப்போடு புதுசு மாதிரி. சார் ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்.

பாய் கையைத் தட்டிவிட்டார். "சார், கதவு வாங்குங்க, கண்ணாடி வாங்குங்க, நானே பேசி வாங்கித் தரேன். டயர் வேணாம். இது எந்த வண்டியில, எப்படி அடிபட்டு வந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, விக்கிறவனுக்கும் தெரியாது. மேல பாலிஷ் போட்டிருக்கான். உள்ள யாரு பார்த்தா?"

"ரீட்ரெட் பண்ணிட்டா?"

"உங்க டயருக்கு பட்டனா போச்சு? உடம்புல்ல போச்சு. செத்தவனுக்குப் புதுச் சட்டை போட்ட மாதிரி."

ரீட்ரெட் மேல் சாருக்கு இருந்த மரியாதை அவர் அப்பா காலத்தது. அம்பாசடருக்கு இரண்டு முறை ரீட்ரெட் போட்டு ஓட்டிய தலைமுறை அது. நல்ல உடம்புள்ள லாரி, பஸ் டயருக்கு அது இன்றைக்கும் சரியான சிக்கனம்தான். அரசு பஸ்களே ஓடுகின்றன. சென்னையின் டயர் வரலாறே அதில்தான் வேர்விட்டது. 1946-ல் திருவொற்றியூரில் கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை விளையாட்டு பலூன் செய்ய ஆரம்பித்த கொட்டகைதான் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப். பலூனிலிருந்து அவர்கள் 1952-ல் தாவியது டயருக்கு அல்ல, பழைய டயருக்கு மேல் ஒட்டும் ட்ரெட் ரப்பருக்கு. டயர் அதற்கும் பிறகுதான் வந்தது. அதே 1946-ல் பிரான்ஸில் மிஷ்லின் கம்பெனி ரேடியல் டயருக்குக் காப்புரிமை கேட்டு மனு போட்டது. இங்கே பலூன், அங்கே ரேடியல். இன்று திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் மிஷ்லினுக்கு ஆலை இருக்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர். நல்ல டயருக்குச் சென்னைக்காரர்கள் ஊர் தாண்ட வேண்டியதே இல்லை.

கடைசியில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனார்கள். வரிசையாக வண்டிச் சாமான் கடைகள். எந்தக் கம்பெனி என்பதில் டீச்சரம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. கேட்டது மூன்றே மூன்று: எல்.டி. இருக்கவேண்டும், 80/78-க்குக் குறையக் கூடாது, தேதி இந்த வருடத்ததாக இருக்கவேண்டும்.

மூன்றாவதில்தான் கடைக்காரர் நெளிந்தார். ஆம்னி நின்றுபோய் ஆறு வருடம். அந்த அளவு டயர் வருகிறது, ஆனால் மெதுவாகத்தான் விற்கும். முதலில் எடுத்துப்போட்ட நாலில் இரண்டு 2025, ஒன்று 2024, ஒன்று 2022.

"அம்மா, குடோன்ல நிழல்லதான் இருந்துச்சு. புது டயர்தாம்மா."

"தம்பி, நிழல்ல வெச்சாலும் மோர் புளிக்கும்ல?"

நிழலில் இருக்கும் டயர் வெயிலில் நிற்கும் டயரைவிட மெதுவாகத்தான் மூப்படையும். கடைக்காரர் சொன்னதில் நியாயம் உண்டு. தினமும் ஓடி மூன்று வருடத்தில் தேய்த்துத் தீர்க்கிறவர் அந்த 2022-ஐ நல்ல தள்ளுபடியில் வாங்கலாம். தேயாமல், வயதை மட்டுமே நம்பி வைத்திருக்கப்போகிற கேம்பர் வேன்காரருக்கு அது மூன்று வருட நஷ்டம். இரண்டு நாள் பொறுத்தால் வேறு குடோனிலிருந்து வரவழைக்கிறேன் என்றார் கடைக்காரர். பொறுத்தார்கள்.

13 இன்ச் ரிம் போட்டுப் பெரிய டயர் மாட்டினால் வண்டி 'கெத்தா' இருக்கும் என்று ஒரு யோசனையும் நடுவில் வந்தது. உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்புக் காட்டும், முழு லோடில் மட்கார்டில் உரசும், பிறகு இன்ஷூரன்ஸ்காரருக்கும் பதில் சொல்லவேண்டும். சார் கெத்து வேண்டாம் என்றுவிட்டார்.

டயரைக் கழற்றியபோதுதான் ரிம்மின் கதை தெரிந்தது. வெள்ளத்தில் நின்ற ரிம். டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் துரு செதில் செதிலாக வந்தது. அப்படியே ட்யூப்லெஸ் மாட்டினால் காற்று கசிந்துகொண்டே இருக்கும், டயரைத்தான் திட்டுவோம். இரண்டு ரிம்மைத் தேய்த்துப் பெயின்ட் அடித்தார்கள். ஒன்றைத் தூக்கியே போட வேண்டியதாயிற்று. அதற்கு பாய்தான் புதுப்பேட்டையில் நல்லதாக ஒன்று பிடித்துக் கொடுத்தார். வால்வுகள் எல்லாம் புதுசு. அலைன்மென்ட், பேலன்சிங் வழக்கம்போல. நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்டார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான், சாதாரணக் காற்றையே ஒழுங்காகப் பார்த்து அடித்தால் போதும்.

ஐந்தாவது டயர் ஒன்று இருக்கிறது. எல்லோரும் மறப்பது. ஸ்டெப்னி. அந்தப் பெயருக்கே ஒரு கதை உண்டு. 1904 வாக்கில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் இரண்டு சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருப் பெயர் சக்கரத்துக்கு ஆகி, அங்கேயே மறந்துபோன பிறகும் நம் ஊர் பஞ்சர் கடைகளில் வாழ்கிறது. ஓட்டு வீட்டின் ஸ்டெப்னியைத் திருப்பிப் பார்த்தால் 2008. வண்டியோடு வந்தது. ஒரு முறைகூட ரோட்டைத் தொடாத, பட்டன் முழுசாக இருந்த, 17 வயது டயர். விரலால் அழுத்தியதும் வெடிப்பு வாய் திறந்தது.

"ஸ்டெப்னிக்கும் புதுசு போட்டுடுங்க" என்றார் டீச்சரம்மா.

ஐந்து டயர். பில் தொகையைப் பார்த்துவிட்டு சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆல்டோ டயரோடு ஒப்பிட்டால் கூடுதல் ஆயிரத்துச் சொச்சம்தான். அது அல்ல விஷயம். திரும்பி வரும்போது, சர்தார் படேல் ரோடு சிக்னலில் நின்ற நேரத்தில் சொன்னார்.

"எனக்கு 68. இந்த டயர் ஏழு, எட்டு வருஷம் வரும். அப்ப எனக்கு 75, 76. யாரு ஓட்டப் போறா இதை?"

டீச்சரம்மா உடனே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து காலண்டரின் பின்பக்கம் எழுதினார். ஆர்.சி.: 2008-ல் பதிவு, பதினைந்து வருடம் முடிந்து 2023-ல் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தது, ஆகவே 2028. சாரின் லைசென்ஸ் 2027 வரை. டயர் 2032. மூன்று தேதியில் டயர்தான் கடைசி. சாருக்கு இடது கண்ணில் புரை ஆரம்பம் என்று டாக்டர் சொன்னதும், ராத்திரியில் எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது என்று அவரே ஒரு முறை சொன்னதும் அந்தக் காலண்டரில் இல்லை. இருவருக்கும் தெரியும்.

பழைய டயரை மாற்றாமல் தள்ளிப்போட்டதற்குச் சிக்கனம் மட்டும் காரணமா என்று டீச்சரம்மாவுக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. வயதைப் பார்க்காமல் பட்டனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது டயர் விஷயத்தில் மட்டும் நடப்பதல்ல.

"2032-க்கு எனக்கு 70தான்" என்றார். "நான் கத்துக்கறேன்."

சார் சிரித்தார். பிறகு, அவர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

கொல்லிமலைக்குப் போய் வந்தார்கள். மகளும் மாப்பிள்ளையும் சேலத்தில் ஏறிக்கொண்டார்கள். கிளம்பும் முன் டயர் ஆறியிருக்கும்போதே, கையேட்டில் முழு லோடுக்குச் சொன்ன அளவு காற்று. ஓடிச் சூடான டயரில் அளந்தால் கூடக் காட்டும். அதை நம்பிக் காற்றைக் குறைத்துவிடக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டாவது கியர். பேத்தி நோட்டில் 69 வளைவுதான் வந்தது. ஒன்றில் தூங்கிவிட்டாள் என்று இன்றுவரை வாக்குவாதம் நடக்கிறது.

இப்போது வேனின் மேற்குப் பக்கச் சக்கரங்களுக்குப் பழைய சாக்கில் தைத்த திரை தொங்குகிறது. வாட்டர் வாஷ் கடையில் அடிப்பக்கம் ஆயில் ஸ்ப்ரே அடிக்கும்போது டயரில் படாமல் பார்த்துக்கொள்ள சார் பக்கத்திலேயே நிற்கிறார். எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. டயர் பாலிஷ் நிறுத்தியாயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆனதைப் பேப்பரில் படித்த அன்று மட்டும் அவர் மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், கூட்டம் சேருவதற்கு முன், ஓட்டு வீடு எல்.பி. ரோடு வழியாகப் போய் பெசன்ட் நகரை இரண்டு சுற்று சுற்றி வருகிறது. டயர் உருள வேண்டுமே, மெழுகு கசிய வேண்டுமே! போகும்போது சார் ஓட்டுவார். எலியட்ஸ் பீச்சில் நிறுத்தி இடம் மாறிக்கொள்வார்கள். திரும்பி வரும்போது முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' போர்டு இருக்கும். வேகம் இருபதைத் தாண்டாது. பக்கத்து சீட்டில் சார் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்.